குடலுக்குள் ஒரு காவல்

போர் நாட்களில் வெள்ளவத்தை லொட்ஜ் அறைகளிலும் கொட்டாஞ்சேனையில் பங்குக்கு எடுத்த வீடுகளிலும் கைக்குழந்தையோடு தங்கியிருந்த தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்டது ஒன்றுதான். "பிள்ளைக்கு வயிற்றோட்டம். என்ர பால் ஒத்துவரேல்லைப் போல. மாப்பால் குடுக்கலாமோ?"

இதற்கு விடை எங்கள் குடற்சுவரில் இருக்கிறது. சிறுகுடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரேயொரு கல அடுக்கு. நாலைந்து நாட்களில் பழைய கலங்கள் உதிர்ந்து புதியவை வந்துவிடும். அதற்கு மேலே வழுவழுப்பான சீதப் படலம். நன்மை செய்யும் பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் அதற்கு வெளியே வாழ்கின்றன. சுவர் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. படலத்தைத் தாண்டி ஒரு கிருமி உள்ளே நுழைந்தால் கதை வேறு. அது நீந்துவதற்கு வைத்திருக்கும் வால் போன்ற இழையின் புரதத்தைக்கூடச் சுவர்க் கலங்கள் இனங்காணும். உடனே இரசாயனச் செய்தி போகும். இரத்தத்திலிருந்து வெண்கலங்கள் விரைந்து வரும். கிருமி புகுந்த கலத்தைச் சுவரே வெளியே தள்ளிவிடுவதும் உண்டு.

நான் வியப்பது இனிச் சொல்வதைத்தான். சுவரிலுள்ள சில கலங்கள் கிருமியைப் பிடித்து, கீழேயுள்ள நிணநீர்த் திட்டுகளுக்குக் காட்டிக்கொடுக்கின்றன. அங்கே பிறபொருளெதிரிகளைச் செய்யும் கலங்கள் உருவாகின்றன. பாலூட்டும் தாயில் அவற்றில் ஒரு பங்கு மார்புக்குப் போய்ச் சேர்கிறது. நீங்கள் குடித்த குழாய்த் தண்ணீரில் இருந்த கிருமிக்கு எதிரான காவல், உங்கள் பால் வழியே பிள்ளையின் குடலுக்குப் போகிறது. எந்தப் பால்மாப் பெட்டியிலும் அது இல்லை. ஆகவே தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், கூடுதலாகக் கொடுங்கள். சாப்பிடும் பிள்ளையைப் பட்டினி போடவும் வேண்டாம். உணவில்லாமல் சுவர் தன்னைப் புதுப்பிக்க முடியாது.

காவல் வெல்வதற்குள் உடல்நீர் வற்றுவதே உயிராபத்து. 1971இல் பங்களாதேஷ் அகதிகள் நிறைந்த மேற்கு வங்கத்தின் போங்காவ்னில் கொலரா பரவியது. சேலைன் தீர்ந்தபோது டொக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சோடாவும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொடுத்து, உறவினர்களைக் கொண்டே பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு, நான்குக்கும் கீழே இறங்கியது. கொலராவிலும் சீனியையும் உப்பையும் சேர்த்து உறிஞ்சும் வழி சுவரில் திறந்தே இருக்கும். அவற்றோடு நீரும் உள்ளே போகும்.

எங்கள் ஜீவனிப் பக்கற்றும் அதே வகைதான். கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுப் பக்கற்றையும் கரையுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டால், கண் குழி விழுந்தால், சலம் போகாவிட்டால், பிள்ளை குடிக்க மறுத்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போகும் வழியிலும் கரண்டியால் பருக்குங்கள்.