டனியூப் கரையில் அறுபது சோடிச் சப்பாத்துகள்

ஐரோப்பாவின் பெரும் நதிகளுள் ஒன்று டனியூப். ஜேர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஊற்றெடுத்து, பத்து நாடுகளைத் தொட்டு, சுமார் 2,850 கிலோமீற்றர் ஓடிக் கருங்கடலில் கலக்கின்றது. ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டை இந்நதி இரு பாதிகளாகப் பிரிக்கின்றது. மேற்குக் கரையில் குன்றுகள் நிறைந்த புடா, கிழக்குக் கரையில் சமதரையான பெஸ்ட். இவையும் பழைய புடாவும் 1873 இல் இணைக்கப்பட்டே இந்நகரம் உருவானது.

நதியைப் பார்க்க வருபவர்கள் பெஸ்ட் கரையோரமாக ஓடும் 2 ஆம் இலக்க ட்ராம் வண்டியில் ஏறுவார்கள். ஒருபுறம் பாராளுமன்றக் கட்டடம், மறுபுறம் அகன்ற நீர்ப்பரப்பு, எதிர்க்கரைக் குன்றின் மேல் அரண்மனை. இரவில் பாலங்களின் விளக்குகள் நீரில் மின்னும். இத்தனை அழகான இந்நதி, யுத்தத்தின் கொடூரத்தையும் கண்டிருக்கின்றது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944 நவம்பரில், மார்கிட் பாலத்தில் ஜேர்மன் படையினர் பொருத்தியிருந்த வெடிமருந்து, மக்களும் வாகனங்களும் சென்றுகொண்டிருந்த வேளையிலேயே வெடித்தது. 1945 ஜனவரியில் பின்வாங்கிய அப்படையினர் எஞ்சிய பாலங்களையும் தகர்த்தனர். அக்கரையில் உறவினர், இக்கரையில் வீடு என்று குடும்பங்கள் பிரிந்து நின்றன.

யுத்தம் ஓய்ந்ததும் மக்கள் முதலில் கைவைத்தது பாலங்களில்தான். 1946 ஜனவரியில் தற்காலிகப் பாலமொன்று திறக்கப்பட்டது. 1849 இல் கட்டப்பட்ட புகழ்பெற்ற சங்கிலிப் பாலம், சரியாக நூறு ஆண்டுகளின் பின் 1949 இல் மீண்டும் திறக்கப்பட்டது. எலிசபெத் பாலம் புதிய வடிவில் எழ 1964 வரை செல்ல வேண்டியிருந்தது.

ஆனால் இந்தக் கரைக்கு இன்னொரு காயமும் உண்டு. 1944 ஒக்டோபரில் ஆட்சியைப் பிடித்த அம்புச் சிலுவைக் கட்சியினர், யூத மக்களை இரவு பகலாக நதிக்கரைக்கு இழுத்துவந்தனர். சப்பாத்துகளைக் கழற்றச் சொன்னார்கள். யுத்த காலத்தில் சப்பாத்துக்கு விலையிருந்தது, மனித உயிருக்குத்தான் விலையில்லை. நீரின் விளிம்பில் நிறுத்திச் சுட்டார்கள். உடல்களை ஆறு கொண்டுபோனது.

யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்களும் தப்பவில்லை. சாரா சல்காஹாசி என்ற அருட்சகோதரி, வேலைசெய்யும் பெண்களுக்கான விடுதியொன்றைப் பொறுப்பேற்று நடத்தி வந்தார். யூதர் பலரை அவர் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். யாரோ காட்டிக்கொடுத்தார்கள். 1944 டிசம்பர் 27 ஆம் திகதி, விடுதியில் பிடிபட்டவர்களோடு அவரும் கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுடப்பட்டார். அவருடைய உடல் கிடைக்கவில்லை. 2006 இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

2005 இல், பாராளுமன்றக் கட்டடத்திற்கு அருகே, அதே கரையில் இரும்பால் செய்த அறுபது சோடிச் சப்பாத்துகள் வைக்கப்பட்டன. திரைப்பட இயக்குநர் ஜான் டோகாயின் எண்ணத்தில் உருவான இந்த நினைவுச் சின்னத்தை வடித்தவர் சிற்பி ஜூலா பாவர். ஆண்களின் கனத்த சப்பாத்துகள், குதி உயர்ந்த பெண்களின் சப்பாத்துகள், குழந்தைகளின் சின்னஞ்சிறு சப்பாத்துகள் எல்லாம் இப்போதுதான் கழற்றி வைத்தவைபோல நதியைப் பார்த்திருக்கின்றன. எந்தச் சோடியிலும் பெயர் இல்லை. வருபவர்கள் அவற்றுக்குள் பூ வைக்கின்றார்கள், மெழுகுதிரி ஏற்றுகின்றார்கள், சிறு கல் ஒன்றை வைத்துச் செல்கின்றார்கள்.

சங்கிலிப் பாலம் மீண்டும் எழுவதற்கு நான்கு ஆண்டுகள் போதுமாயிருந்தன. இந்தச் சப்பாத்துகள் கரைக்கு வர அறுபது ஆண்டுகள் சென்றன. இடைப்பட்ட காலத்தில் எத்தனை தாய்மார், மனைவிமார், சகோதரிகள் பூ வைக்க ஓர் இடமின்றியே கண்ணை மூடியிருப்பார்கள்!

உடல் கிடைக்காதவருக்குக் கல்லறை கட்ட முடியாது. அந்த வேதனை எத்தகையது என்பதை யுத்தத்தில் உறவுகளைத் தொலைத்த பெண்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. யுத்தம் முடிந்த எந்த நாட்டிலும் பாலமும் வீதியும் அவசியம்தான். அவற்றோடு, இறந்தவரை நினைத்து அச்சமின்றி அழுவதற்கு ஓர் இடமும் அவசியம். அதைக் கேட்பது பழையதைக் கிளறுவது ஆகாது. அது உயிரோடிருப்பவர்களின் உரிமை.