எந்த ஊர் அரபு பழகுவது?

உம்ராவுக்கும் கொள்முதலுக்கும் புறப்படும் நம் பகுதி வியாபாரச் சகோதரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: நாலு வார்த்தை பேச எந்த அரபைப் படிக்கலாம்? அரபு ஒன்றுதானே என்று நினைக்கிறோம். எழுத்தில் ஒன்றுதான், பேச்சில் பல.

விலை கேட்பதையே பாருங்கள். நூல் அரபில் 'பிகம் ஹாதா'. ஜித்தாவில் 'பிகம்', கெய்ரோவில் 'பிகாம்', குவைத்தில் 'பிச்சம்', பெய்ரூத்தில் 'அத்தேஷ்', பக்தாதில் 'பேஷ்'. 'இப்போது' என்பதற்கு நூலில் 'அல்ஆன்'. ஜித்தாவில் 'தஹீன்', எகிப்தில் 'தில்வக்தி'.

நூல் அரபில் கேட்டால் கடைக்காரருக்கு விளங்கிவிடும். பதில் ஊர்ப் பேச்சில் வரும்போதுதான் நாம் விழிப்போம், பேரமும் அங்கேதான் கைநழுவும். ஆகவே போகும் ஊரின் பேச்சைப் பழகுங்கள். மக்கா, ஜித்தா போகிறவருக்கு ஹிஜாஸ் பேச்சு. பல நாடு சுற்றுபவருக்கு எகிப்துப் பேச்சு நல்லது. அவர்களுடைய சினிமாவால் அது அரபு நாடெங்கும் காதுக்குப் பழக்கம். மொரோக்கோப் பேச்சு மற்ற அரபிகளுக்கே சிரமம். துபாய் தேராவில் மட்டும் சாமான் எடுப்பவர் வகுப்புக்குக் காசு கட்டவே தேவையில்லை. அங்கே கடைகளில் மலையாளிகளும் பாகிஸ்தானியரும் நிறைய. கொஞ்சம் உருது இருந்தால் சமாளிக்கலாம்.

மீரியபெத்த, கொஸ்லந்தைப் பக்கத் தோட்டங்களிலிருந்து சவூதி, குவைத் வீடுகளுக்கு வேலைக்குப் போய் வந்த பெண்கள் இருக்கிறார்கள். கடைக்கு வரும்போது அவர்கள் பேசும் அரபு சரளமானது. அனுபவத்தில் வந்த படிப்பு, மரியாதையோடு கேட்டுப் பழகலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு எஜமானி அவர்களை 'தஆலீ', 'ஜீபீ' என்றுதான் ஏவியிருப்பார். 'வா', 'கொண்டு வா' என்று பெண்ணிடம் சொல்லும் சொற்கள் அவை. அதையே ஆண் வியாபாரியிடம் சொன்னால் கடையே சிரிக்கும். ஆணுக்கு 'தஆல்', 'ஜீப்'. இல்லை என்பதற்கு அவர்கள் சொல்லும் 'மாஃபீ' மட்டும் யாரிடமும் செல்லும்.

எந்தப் பேச்சானாலும் முதலில் இலக்கங்களைப் பாடமாக்குங்கள், சொல்லிலும் எழுத்திலும். அங்கே வட்டம் போட்டால் 5, புள்ளி வைத்தால் பூச்சியம், நம் 7 போலத் தெரிவது 6. பில்லில் வட்டத்துக்கு வலப்பக்கம் சின்னப் புள்ளி இருந்தால் அது 50. கைபேசியில் ஒரு தடவை கூட்டிப் பார்த்த பிறகு ரியாலை எண்ணுங்கள்.