காரின் அமுக்கத்தை அளந்து பார்ப்போம்

ஜேர்மனிக்கு வந்து வேலை கிடைத்த கையோடு எம்மவர் தேடுவது ஒரு பழைய கார். விடியற்காலை வேலைக்குப் போகவும், பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்லவும் அது வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் மிச்சம் பிடித்த காசை ஒரே நாளில் எண்ணிக் கொடுக்கிறோம். விற்பவர் "புது ரியூவ் இருக்கிறது" என்றதும் மனம் ஆறிவிடுகிறது.

ரியூவ் என்று நாம் சொல்லும் பரிசோதனையை டெக்ரா போன்ற நிறுவனங்களும் செய்கின்றன. பிரேக், ஸ்ரியறிங், விளக்கு, ரயர், துரு, புகை ஆகியவற்றையே பார்க்கிறார்கள். கார் வீதியில் பாதுகாப்பாக ஓடுமா என்பதுதான் அவர்களது கேள்வி. எஞ்சினுக்குள் எவ்வளவு பலம் மிஞ்சியிருக்கிறது என்று அளப்பதில்லை. அதை அறிய, சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்க வேண்டும். சாதாரண பெற்றோல் கார் என்றால் இதை நாமே செய்யலாம்.

அமுக்கம் என்பது என்ன?

1876ஆம் ஆண்டு கேல்ன் நகரின் டொய்ற்ஸ் பகுதியில் நிக்கொலவுஸ் ஒற்றோ உருவாக்கிய நான்கு அடிப்பு எஞ்சின், எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை முதலில் இறுக்கி அமுக்கி, அதன் பிறகே தீ மூட்டியது. இன்றைய பெற்றோல் கார்களும் அதே வழியில்தான் ஓடுகின்றன. பிஸ்ரன் வளையம் தேய்ந்தாலோ, வால்வு சரியாக மூடாவிட்டாலோ, சிலிண்டர் தலையின் கஸ்கற் பழுதானாலோ அமுக்கம் கசிந்துவிடும். பிறகு கார் இழுக்காது, குளிரில் ஸ்ராட் எடுக்காது.

1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாதபோது யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு என்றபடியால்தான் அது தாக்குப்பிடித்தது. அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே எரிந்து எஞ்சினை அடித்துவிடும்.

செய்யும் முறை

உதிரிப்பாகக் கடையில் "கொம்பிரெசியோன்ஸ்புறூபர்" என்று கேட்டால் அமுக்கமானி தருவார்கள். பிளக் கழற்றும் சாவியும், உதவிக்கு ஒருவரும் வேண்டும். பற்றறி நன்றாகச் சார்ஜ் ஆகி இருக்கட்டும்.

1. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் தொடங்குங்கள். கொதிசூட்டில் பிளக் கழற்றினால் அலுமினியப் புரி கெட்டுவிடும்.

2. கியரை நியூற்றலில் விட்டு, கைப்பிரேக்கை இழுங்கள். பெற்றோல் பம்பின் பியூசைக் கழற்றி, தீப்பொறி கொடுக்கும் இணைப்புகளையும் விலக்குங்கள். எது எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று அடையாளம் இடுங்கள்.

3. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, முதல் ஓட்டையில் மானியைக் கையால் பூட்டுங்கள்.

4. உதவியாளர் அக்சலறேற்றரை முழுதாக அழுத்தியபடி ஸ்ராட்டரை ஐந்தாறு விநாடி சுழற்றட்டும். மானி காட்டும் எண்ணை எழுதுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதேயளவு நேரம் சுழற்ற வேண்டும்.

எண்கள் சொல்வது என்ன?

பல பெற்றோல் எஞ்சின்களில் 10 முதல் 14 பார் வரை இருக்கும். சரியான அளவு அந்தந்தக் காரின் திருத்தக் கைநூலில் உண்டு. எண் பெரிதாக இருப்பதை விட எல்லாம் ஒன்றுக்கொன்று கிட்ட இருப்பதே முக்கியம். ஒரு சிலிண்டர் மற்றவற்றை விட 3 பார் குறைந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் அளவுங்கள். எண் ஏறினால் பிஸ்ரன் வளையம் தேய்ந்திருக்கலாம். ஏறாவிட்டால் வால்வில் சந்தேகம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைந்தால் கஸ்கற் உடைந்திருக்கக் கூடும்.

டீசல் எஞ்சினை வீட்டில் தொடாதீர்கள். அதன் அமுக்கம் மிக அதிகம். வேறு மானி வேண்டும். குளோ பிளக் கழற்றும்போது முறிந்துபோகலாம். ஹைபிரிட் காரையும் கராஜிலேயே கொடுங்கள். வாடகை வீட்டு முற்றத்திலோ வீதியோரத்திலோ கார் திருத்துவதற்குப் பல இடங்களில் தடை உண்டு. வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் இடம் வாடகைக்கு விடும் "மீற்வேர்க்ஸ்ராற்" இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன்னரே கேளுங்கள்

தனியாள் விற்கும்போது குறைகளுக்குத் தான் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுத முடியும். வியாபாரி அப்படி முழுதாக ஒதுங்க முடியாது. 2022 முதல், முதல் ஒரு வருடத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். ஆனால் ஓடி ஓடித் தேய்ந்தது வேறு, குறை வேறு என்று அவர் வாதாடலாம்.

ஆகவே காசு கொடுக்குமுன் அமுக்கம் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். பிளக்கில் நாம் கைவைப்பதை விற்பவர் விரும்பாவிட்டால், ஏ.டி.ஏ.சி. அல்லது ஒரு கராஜில் வைத்துப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். டொச் மொழி சரளமாக வராவிட்டாலும், தாளில் எழுதிய நான்கு எண்களை யாருக்கும் காட்டிப் பேசலாம்.