இல்லக் கல்வியும் இயற்கை ஆராய்ச்சியும்

பாடசாலைக்குச் செல்லாது வீட்டிலேயே கல்வி பயிலும் பிள்ளைகள் பல நாடுகளிலும் உளர். இங்கிலாந்து தேசத்தில் 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியேனும் வேறு வழியாலேனும் தக்க கல்வி பெறச் செய்தல் பெற்றோரின் கடமை என விதித்தது. 1996-ஆம் ஆண்டின் சட்டமும் அவ்விதியையே கொண்டுள்ளது. அவ்வாறு ‘வேறு வழி’யால் பயிலும் பிள்ளைகளுள், 13 முதல் 17 வரையுள்ள பிராயத்தினர்க்கு வயலும் வனமும் நீர்நிலையும் கல்விச்சாலை ஆகக்கூடுமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளாம்.

ஆகாது என்பார் பலர். சிறு குழவி வண்ணத்துப்பூச்சியின் பின் ஓடுதல் அழகே. மீசை அரும்பும் பருவத்தும் ஒருவன் அவ்வாறே திரிவானாயின் அவன் வீணனாய் முடிவான் என்பது அவர் கொள்கை. இவ்வாட்சேபத்தை நாம் எளிதில் தள்ளிவிடல் தகாது. வெறுமனே திரிதல் கல்வியாகாதென்பது உண்மையே. குழந்தைப் பருவத்து வியப்பு, இப்பிராயத்தில் ஒன்று முறைப்பட்ட அறிவாக முதிரும். அன்றேல் உலர்ந்து போம். அது முதிர்தற்கு வேண்டுவன யாவை என்பதை மூவர் வரலாற்றால் விளக்குவோம்.

முதலாமவர் சார்லட் மேசன் அம்மையார் (1842–1923). இவர் 1886-இல் ‘இல்லக் கல்வி’ என்னும் பொருளுடைய தலைப்பில் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். 1891-இல் வீட்டில் பயிலும் பிள்ளைகட்குத் தபால் மூலம் பாடத்திட்டமும் வினாத்தாளும் அனுப்பும் பள்ளியொன்றைத் தொடங்கினார். மறு ஆண்டில் ஆம்பிள்சைடு என்னும் மலைநாட்டு ஊரில், இல்லங்களிற் சென்று கற்பிக்கும் ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரி ஒன்றையும் நிறுவினார். அவர் முறைப்படி ஏட்டுப் பாடங்கள் முற்பகலோடு முடிவுறும். பிற்பகல் வெளியே உலாவுதற்கும் கைத்தொழிற்கும் உரியது. ஒவ்வொரு பிள்ளையும் ‘இயற்கைக் குறிப்பேடு’ ஒன்று வைத்து, தான் கண்ட பூ, புள், பூச்சி ஆகியவற்றைத் தூரிகையால் தீட்டி, கண்ட நாளையும் இடத்தையும் எழுதுதல் வேண்டும். அவ்வேட்டை எழுத்துப் பிழை திருத்துதற்குக் கருவியாக்கல் கூடாதென அம்மையார் தடுத்தனர். ஏடு பிள்ளைக்கே உரியதாதலின், பிறர் சொற்கேட்டு எழுதாது, தன் கண்ணால் கண்டதை மட்டும் எழுதும் நேர்மை அதனால் வளரும்.

இரண்டாமவர் ஜெரால்டு டரல். இவர் 1925-இல் நம் இந்திய நாட்டின் ஜாம்ஷெட்பூரிற் பிறந்தவர். தந்தை இறந்தபின் குடும்பத்தாருடன் இங்கிலாந்து சென்று, 1935-இல் கிரேக்க நாட்டைச் சார்ந்த கார்ஃபு தீவை அடைந்தார். அங்கே 1939 வரை, தம் 14-ஆம் வயதளவும், பள்ளி செல்லாது வாழ்ந்தார். வீட்டிற்கு வந்த ஆசிரியர் ஒருவர், கணக்கிற் கம்பளிப்பூச்சிகளையும் சரித்திரத்தில் யானைகளையும் புகுத்திக் கற்பித்ததைத் தாம் 1956-இல் வெளியிட்ட நூலில் நகைச்சுவை தோன்ற வரைந்துள்ளார். ஆயினும் அச்சிறுவரை அறிஞராக்கியவர் தியோடர் ஸ்டெபனிடீஸ் என்னும் மருத்துவரே. இவரும் 1896-இல் பம்பாயிற் பிறந்தவர். நன்னீர் உயிர்களை ஆராய்ந்தவர். இவர் சிறுவரின் வினாக்களை இகழாது, ஒத்த வயதினரிடம் பேசுமாறு பேசி, குட்டைநீரின் ஒரு துளியை நுண்காட்டியில் வைத்து நோக்கும் முறையைக் காட்டினார். உணர்ந்ததை உள்ளவாறு சொல்லுதலும், உணராததை உணரேன் எனல் இழிவன்று என்பதும் இத்தகைய பெரியோரிடம் கற்பனவாம். டரல் பின்னாளில், 1959-இல், ஜெர்சி தீவில் உயிர்க்காட்சிச்சாலை நிறுவி, அருகிவரும் உயிரினங்களைக் காத்துப் பெருக்குதலையே அதன் நோக்கமாகக் கொண்டனர்.

மூன்றாமவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் (1866–1943). முயற்கதைகளால் உலகறிந்த இவ்வம்மையார், இலண்டன் மாநகரில் இல்லத்து ஆசிரியைகளிடமே பயின்றவர். படிப்பறையில் முயல், தவளை, பல்லி முதலியவற்றை வளர்த்து, அவற்றை வரைந்து வரைந்து கைதேர்ந்தார். கோடைதோறும் ஸ்காட்லாந்து, ஏரி நாடு ஆகிய இடங்களுக்குச் சென்று, காளான் இனங்களை நுணுகி நோக்கி ஓவியங்கள் தீட்டினார். காளானின் நுண்வித்துக்கள் முளைக்கும் வகையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897-இல் இலண்டன் லின்னேயச் சங்கத்திற் சமர்ப்பிக்கப்பட்டது. மகளிர் அச்சபையில் அமர அக்காலத்து இடமின்மையால் அவர் அங்குச் செல்லக் கூடவில்லை. கட்டுரையும் அச்சேறவில்லை; இன்று அது கிடைத்திலது. ஆயினும் அவர் தீட்டிய காளான் ஓவியங்கள் 59, அவர் மறைந்து 24 ஆண்டுகட்குப் பின், 1967-இல் வெளிவந்த காளான் நூலொன்றில் இடம்பெற்றன. கண்டதைக் கண்டவாறே வரைந்தமையாலன்றோ அவை அத்துணைக் காலம் கழிந்தும் பயன்பட்டன!

இம்மூவர் வரலாற்றாலும் நாம் பெறுவன நான்கு. முதலாவது, மிகுதியான காலம்: ஒரே குளத்தை ஆண்டு முழுதும் சென்று காணும் ஓய்வு, மணியடித்து வகுப்பு மாறும் பள்ளிப் பிள்ளைக்கு அரிது, இல்லத்திற் பயில்வோர்க்கு அதுவே பெருஞ்செல்வம். இரண்டாவது, அன்றன்று எழுதும் ஏடு. மூன்றாவது, பொருளறிந்த மூத்தோர் ஒருவரின் துணை. நான்காவது, கற்றதை ஒப்புநோக்கி ஆராய்தற்குரிய அறிவுடையோர் கூட்டம். முதல் மூன்றும் பாட்டர் அம்மையார்க்கு ஓரளவு வாய்த்தன; நான்காவதன் கதவு அடைபட்டிருந்தமையின், அவர் ஆராய்ச்சி அந்நாளில் தக்கவாறு ஏற்கப்படவில்லை. ஆதலின், தம் பிள்ளையை வீட்டிற் பயிற்றும் பெற்றோர், தோட்டத்துக் கதவைத் திறந்துவிட்டால் தம் கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. ஒத்த பிராயத்தாரோடும் கற்றோரோடும் அவனைக் கூட்டுவித்தல் வேண்டும். கணிதம் போலும் படிமுறையாகக் கற்கவேண்டிய கலைகளையும், பிற்காலத் தொழிலுக்கு இன்றியமையாத பரீட்சைகளையும் மறத்தலாகாது. பாம்பும் பாழ்ங்கிணறும் உள்ள இடங்களில் எச்சரிக்கையும் கற்பித்தல் வேண்டும்.

இறுதியாக நம்மை நோக்கி ஒரு சொல். வேம்பின் இலத்தீன் நாமத்தைப் பரீட்சைத் தாளிற் பிழையற எழுதும் நம்முள் எத்துணை பேர், நம் வீட்டு முற்றத்து வேம்பு இலையுதிர்த்துத் தளிர்த்து முதற்பூ மலர்ந்த நாளைக் குறித்து வைத்துள்ளோம்? கல்லூரிச் சுவருக்குள் பயிலும் நமக்கும் அவ்வறிவு வேண்டற்பாலதே. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், ஒரு சிறு குறிப்பேடு வாங்கி, தம்பி தங்கையரையோ அயல்வீட்டுச் சிறாரையோ உடன் அழைத்துக்கொண்டு, ஒரே மரத்தை விடுமுறை முழுதும் நோக்கி வருவோமாக. கார்ஃபு தீவிற் சிறுவன் ஒருவனுக்கு ஒரு மருத்துவர் ஆற்றிய தொண்டை, நம் ஊரில் ஒரு பிள்ளைக்கு நாமும் ஆற்றுதல் கூடும்.