பைக் பயணத்துக்கு எந்த வழிகாட்டி?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வரும் ஜூலையில் நண்பர்களோடு மணாலியிலிருந்து லே வரை பைக்கில் போகப் போகிறாராம். ‘போனே போதும் என்கிறார்கள் சிலர், தனி ஜிபிஎஸ் கருவி இல்லாமல் கிளம்பாதே என்கிறார்கள் சிலர். கடையில் காட்டிய கருவிக்கு ஒரு நல்ல போனின் விலை சொல்கிறார்கள். எதை வாங்கட்டும்?’ என்று கேட்கிறார். மழைக்காலம் முடிந்து பைக்கைத் துடைத்து வெளியே எடுக்கிற பலருக்கும் இதே சந்தேகம் இருப்பதால் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

விலை கூடிய கருவிக்கென்று வானத்தில் தனிச் செயற்கைக்கோள் எதுவும் கிடையாது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்கள் எல்லோருக்கும் ஒரே சமிக்ஞையைத்தான், அதுவும் இலவசமாக, அனுப்புகின்றன. 2000 மே மாதம் வரை அமெரிக்கா அந்தச் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நாம் நிற்கும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகுதான் எந்தத் தெருவில் திரும்புவது என்று சொல்லும் கருவிகளுக்கு அர்த்தம் வந்தது. இன்று சாதாரண போன்கூட ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டு ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கிறது. நம் நாட்டின் நாவிக் அமைப்பும், 2023 மே மாதம் ஏவப்பட்ட என்விஎஸ்-01 முதல், எல்லாக் கருவிகளும் வழக்கமாகக் கேட்கும் எல்1 அலைவரிசையில் ஒலிபரப்பத் தொடங்கியிருக்கிறது. மலைச்சுவர் பாதி வானத்தை மறைக்கும் பள்ளத்தாக்கில் இத்தனை அமைப்புகள் இருப்பது பெரிய உதவி.

ஆக, வானத்தைப் பொறுத்தவரை போனும் தனிக் கருவியும் ஒன்றுதான். திரை, வரைபடம், மின்சாரம், பொருத்துகிற விதம் ஆகியவற்றில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. இவற்றை எடைபோட என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு: ஓட்டுபவரின் கண்ணைக் குறைவாகக் கேட்கிற கருவியே நல்ல கருவி. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். திரையை இரண்டு வினாடி பார்த்து நிமிர்வதற்குள் 33 மீட்டர் சாலை பார்க்கப்படாமலே போயிருக்கும். காரில் போகிறவருக்குச் சுற்றிலும் இரும்புக் கூடு இருக்கிறது. பைக்கில் போகிறவருக்கு ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும்தான்.

சிக்னல் இல்லாத இடத்தில் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். வேலை செய்யும். சிம் கார்டே இல்லாத போனும் தன் இருப்பிடத்தைக் கண்டுபிடித்துவிடும். வராமல் போவது வரைபடம்தான். அதனால் போகிற வழி முழுவதற்குமான ஆஃப்லைன் மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும். லடாக் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் எடுக்காது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் மணாலி–லே சாலையில் நெடுந்தூரம் மௌனமாகத்தான் இருக்கும். இன்னொன்று: ஊரில் போனை எடுத்தவுடன் நீலப் புள்ளி விழுவதற்குக் காரணம், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை நெட்வொர்க் முன்கூட்டியே கொடுத்துவிடுவதுதான். நெட்வொர்க் இல்லாத மலைவெளியில் அந்த விவரத்தைச் செயற்கைக்கோளே சொல்லியாக வேண்டும். அது வினாடிக்கு 50 பிட் வேகத்தில் வருவதால் அரை நிமிடமோ, கூடவோ ஆகும். திறந்த வெளியில் போனை வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். கெட்டுப்போய்விட்டது என்று அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு அலுக்காத அதிசயம் ஒன்று உண்டு. போனை ஹேண்டில்பாரில் மாட்டி நெடும்பயணம் போய்வந்த சிலர், போன் சரியாக வழிகாட்டியது, ஆனால் கேமரா கெட்டுவிட்டது என்பார்கள். வழி நெடுக கேமராவை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நண்பர் ஒருவர் அப்படித் திரும்பி வந்து எடுத்துக் காட்டிய படத்தில், நேராக நின்ற மின்கம்பம் நெளிந்து கிடந்தது. வீடியோவில் வீட்டுச் சுவர் அலையடித்தது. போனின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

காரணம் லென்ஸுக்குள் இருக்கிறது. கை நடுங்கினாலும் படம் கலங்கக் கூடாது என்பதற்காக நல்ல போன்களில் லென்ஸை இறுக்கிப் பதிப்பதில்லை. மிக மெல்லிய கம்பிகளில் மிதக்க விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் சிறு காந்தங்களும் செம்புச் சுருள்களும் இருக்கின்றன. போன் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதை ஜைராஸ்கோப் சில்லு உணர்ந்து சொல்ல, சுருளில் மின்சாரம் பாய்ந்து லென்ஸை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. என் அம்மா கிணற்றிலிருந்து தலையில் குடம் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வருவார். இடுப்பு ஆடும், தோள் ஆடும், குடம் மட்டும் ஆடாது. கழுத்து கணக்குப் போட்டுக்கொண்டே வரும். லென்ஸைத் தாங்கும் அமைப்பு செய்வதும் அந்தக் கழுத்தின் வேலைதான். உங்கள் போனில் இந்த வசதி இருந்தால், கேமராவை மூடிவிட்டுக் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். பல போன்களில் உள்ளே ஏதோ தளர்ந்து ஆடுவது போன்ற சத்தம் கேட்கும். அது பழுதல்ல. மின்சாரம் பிடித்து நிறுத்தாத நேரத்தில் லென்ஸ் எழுப்பும் சத்தம்.

மனிதக் கையின் நடுக்கம் வினாடிக்குப் பத்துத் தடவையை ஒட்டித்தான் இருக்கும். அந்த நிதானத்துக்காகச் செய்த அமைப்பு அது. ஒற்றை சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றினால் ஹேண்டில்பார் வினாடிக்கு 60 தடவை அதிரும். நான்கு மணி நேரம் ஓட்டினால் எட்டரை லட்சத்துக்கும் மேல். எந்தக் கம்பிக்கும் தனக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. என்ஜினின் அதிர்வோ அதன் மடங்குகளில் ஒன்றோ அதோடு ஒத்துப்போய்விட்டால் ஆட்டம் பல மடங்கு பெருகும். கேமராவை அணைத்து வைத்திருப்பதும் காப்பாற்றாது. அப்போதுதான் லென்ஸைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே இதைப் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சக்தி மிகுந்த மோட்டார் சைக்கிள் என்ஜின்களின் அதிர்வை நீண்ட நேரம் வாங்கினால் கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பும் ஆட்டோஃபோகஸும் கெடலாம் என்றும், ஸ்கூட்டரில் மாட்டினால்கூட அதிர்வைத் தணிக்கும் மவுண்ட் நல்லது என்றும் அதில் சொல்லியிருந்தது. இவ்வளவு முக்கியமான சேதி இன்றுவரை மவுண்ட் விற்கும் கடைகளில் பலருக்குத் தெரியவில்லை. இரும்பு கிளாம்பை முறுக்கிவிட்டு ‘அசையாது சார்’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அசையாமல் இறுக்கிப் பிடிப்பதுதான் வினை. நடுவில் ரப்பர் தணிப்பான் இருந்தால்தான் அதிர்வு குறைந்து போனுக்குப் போகும்.

தனிக் கருவிக்கு இந்தக் கவலை கிடையாது, அதில் கேமராவே இல்லை. கார்மினின் ஜூமோ, டாம்டாமின் ரைடர் போன்றவை பைக்குக்கென்றே பிறந்தவை. கிளவுஸ் போட்ட விரலுக்கு அவற்றின் திரை பணியும்; மழைத்துளியை விரல் என்று நினைத்துக்கொண்டு மேப்பை இழுத்துப் போகாது. 2020இல் வந்த ஜூமோ எக்ஸ்டி, ஐபிஎக்ஸ்7 தரம் பெற்றது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். போனும் தண்ணீர் தாங்கும் என்பீர்கள். தாங்கும்தான். ஆனால் சார்ஜ் ஏற்றும் துளை நனைந்தால் பல போன்கள் சார்ஜை மறுத்துவிடும். அடைமழையில், பேட்டரி தீரும் நேரத்தில்தான் இது தெரியவரும். வெயிலும் அப்படியே. 35 டிகிரி வரை பயன்படுத்தச் செய்யப்பட்ட போனைச் சித்திரை மாதத்தில் சேலம் நெடுஞ்சாலையில் நேர்வெயிலில் மாட்டினால் முதலில் திரை மங்கும், பிறகு சூடு என்று எச்சரித்துவிட்டு ஓய்ந்துவிடும். தனிக் கருவி பைக் பேட்டரியிலிருந்தே வயர் எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினால் விழித்துக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் மட்டும் அதில் இந்திய வரைபடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2020 நவம்பரில் மீட்டியார் 350 பைக்கோடு ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த டிரிப்பர், கையடக்கமான வட்ட முகம். வரைபடம் எதுவும் காட்டாது. அடுத்த திருப்பம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், அவ்வளவுதான் சொல்லும். வரைபடம் பையிலிருக்கும் போனில் ஓடும், செய்தி புளூடூத்தில் வரும். பிரிட்டனின் பீலைன் கருவியும் இதே கொள்கையில் அம்புக்குறி காட்டுவதுதான். பெரிய வண்ணத் திரைக்கு ஆசைப்படுகிறவர்கள் இதை ஏளனமாகப் பார்க்கிறார்கள். ஓட்டுபவருக்குத் தேவையானதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் கருவியை அப்படிப் பார்ப்பது நியாயமில்லை. இதையும்விட மேலானது காதுதான். ஹெல்மெட்டுக்குள் ஒரு புளூடூத் இன்டர்காம் இருந்தால் ‘300 மீட்டரில் இடதுபுறம்’ என்பதைக் கேட்டால் போதும், கண் சாலையிலேயே இருக்கும். 2020இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளும் ஓட்டும்போது போனை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், அனுமதிக்கின்றன.

வாங்கக் கூடாதது ஒன்றும் உண்டு. ஆபத்துக்கு உதவும் என்று சிலர் வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் போனையோ, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியையோ கொண்டுவருகிறார்கள். சமிக்ஞையைக் கேட்க மட்டும் செய்யும் ஜிபிஎஸ் கருவிக்குத் தடை இல்லை. செயற்கைக்கோளோடு திருப்பிப் பேசும் கருவியை, தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் பயணிகள் இதற்காகப் பிடிபட்டிருக்கிறார்கள்.

எந்தக் கருவியானாலும் அதற்குத் தெரிந்தது தூரமும் நேரமும்தான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி குறுக்கு வழி. கூடலூர் வழி அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 36 கொண்டை ஊசி வளைவுகள் செங்குத்தாக இறங்கும் அந்தக் கல்லட்டிப் பாதையில் 2018இல் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிற டீக்கடைக்காரரிடமும் சோதனைச்சாவடிக் காவலரிடமும் ஒரு வார்த்தை கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது என்பது என் வருத்தம். கிளம்புவதற்கு முந்தின இரவு பத்து நிமிடம் உட்கார்ந்து நாளைய பாதையின் நாலு முக்கியத் திருப்பங்களை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கருவி உங்கள் நினைவுக்குத் துணையாக இருக்கட்டும், மாற்றாக வேண்டாம்.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். மணாலி–லே சாலையில் திரும்பும் இடம் தேடித் திண்டாட வேண்டியதில்லை, ஏறக்குறைய ஒரே சாலைதான். அங்கே உங்களுக்குத் தெரிய வேண்டியது அடுத்த தங்குமிடம் எவ்வளவு தூரம், இருட்டுவதற்குள் எட்டுமா, பெட்ரோல் தாங்குமா என்பது. வழியில் வரும் தாண்டி என்ற ஊரில் உள்ள பங்க்கின் பலகையில் அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதியிருக்கும். இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனில், லென்ஸ் மிதக்கும் வசதி இல்லாததாகப் பார்த்து, ஆஃப்லைன் மேப்பை ஏற்றி, தணிப்பான் மவுண்டில் மாட்டுங்கள். நல்ல போன் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். குளிரில் அதன் பேட்டரியும் காப்பாற்றப்படும், படமும் நன்றாக வரும். மிச்சப்படும் காசில் இன்டர்காம் வாங்குங்கள். மாதம் தவறாமல் மழையிலும் வெயிலிலும் ஊர் ஊராகப் போகிறவர் என்றால் ஜூமோ வகைக்குச் செலவழிப்பது தகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆஃப்லைன் மேப் தரும் ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வரைபடத்தில் ஓடுகின்றன. 2004இல் தொடங்கிய அதை வரைந்தவர்கள் உலகெங்கும் உள்ள சாதாரண ஆட்கள், சம்பளம் இல்லாமல். நாமோ அதை இலவசமாக எடுத்துக்கொண்டு, எங்காவது சாலை தப்பாக இருந்தால் திட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அடைபட்ட பாதை, இடிந்த பாலம், மூடிப்போன பெட்ரோல் பங்க் எதைக் கண்டாலும் இடத்தைக் குறித்து வையுங்கள். ஊர் திரும்பியதும் உட்கார்ந்து திருத்திவிடுங்கள். அந்த வரைபடத்தில் ஓட்டியவர்கள் அதற்குச் செய்ய வேண்டிய கைம்மாறு அது.