மறதிப் பொத்தான்

இல்லத்திலுள்ள கருவிகள் பலவற்றுக்கும் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் சிறு பெட்டியை ரௌட்டர் என்பர். அதன் பின்புறத்தை உற்று நோக்கினால், பெரும்பாலும் ஊசிமுனை மட்டுமே நுழையத்தக்க துளையொன்று தென்படும். அதனுள் ஒரு பொத்தான் மறைந்திருக்கிறது. கருவி இயங்கும்பொழுது அதனை ஏறத்தாழப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், நாம் செய்த அமைப்புகள் யாவும் நீங்கி, தொழிற்சாலையில் இட்ட அமைப்புகளே மீளும். கைதவறி அழுத்தலாகாது என்றே அதனை இவ்வாறு ஒளித்து வைத்தனர்.

மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் செலுத்தினால் இப்பயன் கிட்டாதோ எனின், கிட்டாது. ரௌட்டருக்கு இருவகை நினைவகங்கள் உண்டு. ஒன்று, மின்சாரம் நின்றதும் அனைத்தையும் இழப்பது. மற்றொன்று, நின்றாலும் இழவாதது; நாம் இட்ட கடவுச்சொல் முதலியன இதிலேயே பதிந்துள்ளன.

இவ்வேறுபாடு 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகறியப் புலப்பட்டது. 'விபிஎன்ஃபில்டர்' என்னும் தீய நிரல், 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 கருவிகளுள் புகுந்திருந்தமை அப்பொழுது வெளிப்பட்டது. ரௌட்டர்களை ஒருமுறை நிறுத்தி இயக்குமாறு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. மக்களை வேண்டிற்று. அதனால் அந்நிரலின் பிற்பகுதிகள் அகன்றன. முதற்பகுதியோ இழவா நினைவகத்தில் வேர்கொண்டிருந்தது. அவ்வேரைக் களைய இப்பொத்தானே வேண்டியதாயிற்று.

ஆயினும் பொத்தானுக்கு நல்லது தீயது அறியும் திறம் இல்லை. நாம் எண்ணி இட்ட வலிய கடவுச்சொல்லையும் அது உடன் அழித்துவிடும். பழைய கருவிகள் பலவற்றில் 'அட்மின்' என்பது போன்ற, உலகோர் அனைவரும் அறிந்த சொல்லே மீண்டும் வந்தமரும். 2016-இல் 'மிராய்' என்னும் நிரல், இத்தகைய சொற்கள் அறுபதுக்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தே இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைக்கொண்டது. இது மின்சாரத்தை நிறுத்தினாலே நீங்கக்கூடியது. ஆனால் கடவுச்சொல்லை மாற்றாதவர் கருவியில் சில நிமிடங்களில் மீண்டும் புகுந்தது!

ஆதலின் அழுத்துமுன், இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். (இணையம் அற்றபின் அவற்றை இணையத்திலேயே தேடுவோர் உளர்.) அழுத்தியபின் முதல் வேலை, கடவுச்சொல்லை மாற்றுதல். கருவியின் மென்பொருளிலேயே குறை இருப்பின் பொத்தான் அதனைப் போக்காது. நிறுவனம் வெளியிடும் திருத்திய மென்பொருளை ஏற்றுதல் வேண்டும்.

எல்லாக் கருவிக்கும் எளிதில் ஊகிக்கத்தக்க ஒரே கடவுச்சொல் இட்டு விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்தது. புதிய ரௌட்டர்கள் பலவற்றின் அடிப்புறத்தில், அவ்வக் கருவிக்கே உரிய தனிச்சொல் அச்சிட்டு ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம்.