தங்கத்தை விட்டு விலகினால் ஒளிரும் இழை

குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் தறியின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். பாவில் நெருக்கமாய் எத்தனையோ இழைகள். ஒன்று அறுந்துவிட்டால் நெசவாளர் பாவை இறக்குவதில்லை. குனிந்து, விரல் நுனியால் துழாவி, அந்த ஓரிழையைப் பிணைத்துவிட்டு மறுபடி நெய்யத் தொடங்குகிறார். உயிருள்ள செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட ஆர்.என்.ஏ.வைத் தேடுவதும் இப்படித்தான்: துணியையும் கலைக்கக் கூடாது, தறியையும் கெடுக்கக் கூடாது.

டி.என்.ஏ.வில் இருக்கும் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து வருகிறது, ரைபோசோம் அதைப் படித்துப் புரதம் செய்கிறது. ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கி ராமகிருஷ்ணன் 1952இல் பிறந்தது பக்கத்துச் சிதம்பரத்தில்தான். அவர் ஆராய்ந்தது படிகமாக்கப்பட்ட ரைபோசோமை. தூது ஆர்.என்.ஏ.வோ தோன்றிச் சில நிமிடங்களிலோ மணிநேரத்திலோ சிதைந்துபோகும். அதன் போக்கை அறிய, செல் உயிரோடு இருந்தே ஆக வேண்டும்.

இதற்கு அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழுவினர் 2007இல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. 13 நானோமீட்டர் தங்கத் துகள். தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசையாக வைக்கலாம். அதன் மேல் டி.என்.ஏ. இழைகளை அடர்த்தியாக நட்டார்கள். ஒவ்வொன்றும் தேடும் ஆர்.என்.ஏ.வுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் இணை. அந்த இழையோடு, ஒளிரும் சாயம் கட்டிய ஒரு குட்டி இழையும் ஒட்டியிருக்கும். தங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும்வரை சாயம் ஒளிராது. அதன் ஆற்றலைத் தங்கம் வாங்கிக்கொள்ளும். தேடிய ஆர்.என்.ஏ. வந்தால், குட்டி இழையைவிட நீளமாகப் பற்றுவதால் அதைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கிறது. விலகிய சாயம் ஒளிர்கிறது. துகளைச் செல்லுக்குள் தள்ள வேறு மருந்தும் வேண்டாம், செல்லே உள்வாங்கிக்கொள்கிறது.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. செல்லின் நொதிகள் இழையை வெட்டினாலும் சாயம் விலகும், ஒளிரும். அந்த வெளிச்சம் பொய். புற்றுநோய்ச் செல்களில் சர்வைவின் என்ற மரபணுவின் தூதைத் தேடிய அந்தக் குழுவினர், அதனால்தான் பொருந்தாத எழுத்துகள் கொண்ட இன்னொரு துகளையும் செய்து அதே செல்களில் விட்டார்கள். அந்தத் தூது இல்லாத வேறு செல்களிலும் முதல் துகளை விட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் வெளிச்சம் மங்கலாகவே இருந்தது.